கேமரா மென்பொருளுக்குப் பணம் கட்டுவோம், இந்தக் கொட்டேஷனுக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும், வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் கை தூக்கப்போகும் அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் வணக்கம்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் தீர்மானத்தைப் படித்தேன். சிசிடிவி மென்பொருள் அப்கிரேடுக்கும் மூன்று வருட சப்போர்ட்டுக்கும் கொட்டேஷனில் கண்ட தொகையை சங்கத்தின் சேமிப்பான கார்பஸ் நிதியிலிருந்து கொடுக்க ஒப்புதல் வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. சரி அல்லது வேண்டாம் என்று சொல்லத்தான் அதில் இடம் இருக்கிறது. அப்படியே சரி என்றால் தேவையில்லாத சிலவற்றுக்கும் சேர்த்துப் பணம் போகும். மொத்தமாக வேண்டாம் என்றால் அவசியம் செய்ய வேண்டிய வேலைகளும் நின்றுபோகும். அதனால் வாக்கெடுப்புக்கு முன்பே இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் கணினி, நெட்வொர்க் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். அங்குள்ள கேமராக்களும் என் பொறுப்பில் வருகின்றன. கேமரா விற்கும் யாரோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மென்பொருளுக்கும் சப்போர்ட்டுக்கும் சங்கம் பணம் செலவழிக்கத்தான் வேண்டும். ஆனால் கொட்டேஷனைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாக்குக்கு விட வேண்டும்.

இன்னொன்று. நம் கேமரா எந்தக் கம்பெனி, பதிவுகளைச் சேமிக்கும் கம்ப்யூட்டரான சர்வரில் ஓடுவது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை இதில் எழுதவில்லை. பலர் கைக்குப் போகும் கடிதம் இது. உடைத்து உள்ளே வர நினைப்பவனுக்கு அந்த விவரம்தான் முதலில் தேவைப்படும். செயற்குழுவிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

கொட்டேஷனில் நான்கு உருப்படிகள் இருக்கின்றன. சர்வர் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் உரிமை, கேமரா ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில். கேமராக்களின் ஃபர்ம்வேரை, அதாவது கேமராவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளை, புதுப்பிக்க வருடாந்திரக் கட்டணம். மூன்று வருட சப்போர்ட். கடைசியாக, முகத்தையும் வண்டி எண்ணையும் அடையாளம் காணும் ‘ஏஐ பேக்’ என்ற ஒன்று. இந்த நான்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு பொருள்கள். ஒரே கூட்டல் தொகைக்குள் போட்டுவிட்டதால் ஒன்று போலத் தெரிகிறது.

போன கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “படம் தெரியுது, ரெக்கார்ட் ஆகுது, அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் பணம்?” என்று கேட்டார். அதற்கு வெண்டர் சொன்ன பதில், “ரினியூ பண்ணலைன்னா சிஸ்டம் நின்னுடும் சார்.” கேள்வி நியாயமானது. அவருக்குக் கிடைத்த பதில்தான் சரியில்லை. கேமரா மென்பொருள் உரிமங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் பலர் வைத்திருக்கும் புளூ ஐரிஸ் ஒருமுறை வாங்கிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். பராமரிப்புத் திட்டத்தைப் புதுப்பிக்காவிட்டால் புது அப்டேட்கள் மட்டும் வராது. பெரிய வளாகங்களில் பயன்படும் மைல்ஸ்டோன் எக்ஸ்புரொடெக்டிலும் கேர் பிளஸ் என்ற சந்தா இருந்தால்தான் அடுத்த பதிப்புக்கு மாற முடியும், சந்தா முடிந்தாலும் வாங்கிய பதிப்பு வேலை செய்யும். இதற்கு நேர் எதிர் வகையும் உண்டு. அமெரிக்காவின் வெர்க்காடா கேமராக்களுக்கு ஒவ்வொன்றுக்கும் உரிமம் உயிரோடு இருக்க வேண்டும். பணம் நின்றால் கேமராவை நாம் பார்க்கவே முடியாது. நம் சங்கம் 2018இல் வாங்கியது முதல் வகை. உரிம ஒப்பந்தம் செயலாளர் அலுவலக அலமாரியில் பச்சை ஃபைலில் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். ரினியூ செய்யாவிட்டாலும் ரெக்கார்டிங் நிற்காது. நம் சந்தா முடிந்து இரண்டு வருடமாகிறது, இன்னும் ஓடுகிறது என்பதே அதற்குச் சாட்சி.

ஆகவே பயத்தில் யாரும் கை தூக்க வேண்டாம். அதே நேரம், ஓடுகிறது என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம்.

2018ஐ ஏன் சொல்கிறேன் என்றால், சென்னையில் நம்மைப் போன்ற ஏராளமான குடியிருப்புகள் அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் கேமரா போட்டன. ஏ.கே. விஸ்வநாதன் காவல் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று ஒரு இயக்கமே நடந்தது. காவல்துறையினர் தெருத்தெருவாக வந்து சங்கங்களிடமும் கடைக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டார்கள். நல்ல காரியம்தான், பல வழக்குகளில் உதவியிருக்கிறது. அப்போது எல்லோரும் வாங்குவதைப் பற்றித்தான் பேசினோம், திறப்பு விழா நடத்தினோம், போட்டோ எடுத்தோம். ஏழெட்டு வருடம் கழித்து அந்தப் பெட்டிகளை யார் பார்த்துக்கொள்வது என்று அன்று யாரும் பேசவில்லை. அந்தக் கேள்வி இன்று எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே சமயத்தில் வந்து நிற்கிறது.

கேமரா என்பது லென்ஸ் மாட்டிய சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் ஓடும் மென்பொருளில் ஓட்டைகள் இருக்கும், வருடம் போகப்போக அவை ஒவ்வொன்றாக வெளியே தெரியவரும். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. அது பெரிய சாமர்த்தியம் எதையும் காட்டவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போது இருக்கும் யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60ஐ வைத்துக்கொண்டு, கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளான டிவிஆர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றை எல்லாம் படையாகச் சேர்த்துக்கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளங்களுக்கு வழிகாட்டும் முகவரிச் சேவை நடத்தும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் படுத்துவிட்டன. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் வாசல் கேமரா இந்த வேலையைச் செய்தது இன்றுவரை தெரிந்திருக்காது. அவர்கள் திரையிலும் படம் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்தது 2021 செப்டம்பர். உலகிலேயே அதிகம் விற்கும் கேமரா நிறுவனமான ஹிக்விஷனின் பல மாடல்களில், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமலே உள்ளே புகுந்து முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொள்ளும் ஓட்டை வெளியானது. ஓட்டைகளின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் 10க்கு 9.8. நிறுவனம் சரிசெய்த ஃபர்ம்வேரையும் அப்போதே வெளியிட்டது. ஆனாலும் கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில், 80,000க்கும் அதிகமான கேமராக்கள் அந்த ஓட்டையோடு இணையத்தில் திறந்து கிடப்பதாக ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொன்னது. மருந்து இலவசமாகக் கிடைத்தது. எடுத்துப் போட ஆள் இல்லை.

இதனால்தான் ஃபர்ம்வேருக்கு வருடாந்திரக் கட்டணம் என்ற உருப்படியைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பெரும்பாலான கேமரா நிறுவனங்கள் பாதுகாப்புத் திருத்தங்களைத் தங்கள் தளத்தில் இலவசமாகத்தான் வைக்கின்றன. நம் கேமராக்களின் மாடல் எண்களை வைத்துத் தேடினேன், நான்கு மாடல்களில் மூன்றுக்குக் கோப்பு கிடைக்கிறது, கட்டணம் இல்லை. நான்காவது மாடலுக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்கு இனி எவ்வளவு பணம் கட்டினாலும் திருத்தம் வரப்போவதில்லை, கேமராவைத்தான் மாற்ற வேண்டும். கொட்டேஷனில் அந்தக் கேமராக்களுக்கும் சேர்த்து ஃபர்ம்வேர் கட்டணம் போட்டிருக்கிறது.

வெண்டர் கூலி கேட்கட்டும், கொடுக்கலாம். 40 கேமராவுக்கும் மாடல் பார்த்து, சரியான கோப்பை ஏற்றி, ஒவ்வொன்றும் திரும்ப உயிர் பெறுகிறதா என்று பார்த்து முடிக்க நேரம் பிடிக்கும். தப்பான கோப்பை ஏற்றினாலோ நடுவில் கரண்ட் போனாலோ கேமரா செத்துவிடும். செத்தால் மாற்றித் தருவது யார் என்பதும் எழுத்தில் வேண்டும். செய்யும் வேலைக்குக் கூலி என்றால் எனக்கு முழுச் சம்மதம். கம்பெனி இலவசமாகக் கொடுப்பதை உரிமக் கட்டணம் போல வருடா வருடம் விற்பதற்குச் சம்மதமில்லை.

சர்வர் மென்பொருளின் புதிய பதிப்புக்கு வருவோம். இது தேவை என்றுதான் நினைக்கிறேன். காரணம் புது வசதிகள் இல்லை. நம் ரெக்கார்டிங் சர்வர் ஓடுவது விண்டோஸ் 10இல். மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. நாம் வைத்திருக்கும் பழைய பதிப்பு விண்டோஸ் 11இல் ஓடும் என்று தயாரிப்பாளரே உறுதி கொடுக்கவில்லை. ஆக, கம்ப்யூட்டரை மாற்றினால் மென்பொருளையும் மாற்ற வேண்டும். இதே சிக்கலை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம். பழைய டிவிஆர்களின் பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்தான் திறக்க முடியும். 2022 ஜூனில் அது ஓய்வு பெற்றதும், பதிவை எடுப்பதற்காகவே ஒரு பழைய லேப்டாப்பை செக்யூரிட்டி அறையில் வைத்திருந்தோம். மாற்றத்தைத் தள்ளிப் போட்டால் இப்படித்தான் ஒரு மூலையில் போய் முடிகிறது.

ஆனால் கொட்டேஷன் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். நம் சர்வரில் இருப்பது ஏழாம் தலைமுறை. மென்பொருளுக்குப் பணம் கட்டி முடித்த பிறகு, கம்ப்யூட்டரும் மாற்ற வேண்டும் சார் என்று இரண்டாவது கொட்டேஷன் வரும். இப்போதே கேட்டு, இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவு எடுப்போம். இடையில் சந்தா இல்லாமல் விட்ட இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அப்படிக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. சில சமயம் பழைய பாக்கியைக் கட்டுவதைவிடப் புதிதாக உரிமம் வாங்குவது மலிவாக இருக்கும். வெண்டர் இரண்டு கணக்கையும் எழுதிக் கொடுக்கட்டும்.

காசே வேண்டாம், ஃப்ரிகேட் போல இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாமே என்று சி பிளாக் இளைஞர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்கள். நல்ல மென்பொருள். அதைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் தெரிந்த ஒருவர் நம்மோடு எப்போதும் இருக்க வேண்டும். அந்த இளைஞர்களில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள், வேலை மாறினால் பெங்களூருவோ ஹைதராபாத்தோ போய்விடுவார்கள். அதன் பிறகு நடுராத்திரி சர்வர் நின்றால் கூப்பிட ஆள் இருக்காது. நம் சங்கத்துக்கு அது ஒத்துவராது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது மூன்றாவது உருப்படி, சப்போர்ட். இதில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆடி மாதம் டி பிளாக் பார்க்கிங்கில் பைக் காணாமல் போனது எல்லோருக்கும் தெரியும். போலீஸ் வந்து பதிவைக் கேட்டபோது அந்தப் பக்கத்து ஆறு கேமராக்களின் பதிவே இல்லை. வாட்ச்மேன் அண்ணனைப் பலர் திட்டினார்கள். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் முன்னால் இருந்த திரையில் அந்த ஆறு கேமராவின் படமும் தெளிவாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. நேரலைப் படம் கேமராவிலிருந்து நேராக வருகிறது. பதிவு ஹார்ட் டிஸ்கில் போய் உட்காருகிறது. டிஸ்க் செத்துப்போனாலும் திரையில் படம் ஓடும். அந்த டிஸ்க் பழுதாகி வாரக்கணக்காகிவிட்டது. மென்பொருள் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கையும் அனுப்பியிருக்கிறது. அந்த எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது, மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டை விற்றுவிட்டுப் போன ஒரு பழைய பொருளாளரின் மின்னஞ்சலுக்கு.

கேமரா இருப்பது வேறு, பதிவு இருப்பது வேறு. தமிழ்நாட்டில் இதை நாம் மறக்க முடியாத விதத்தில் பார்த்திருக்கிறோம். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டிருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் காவல் நிலையங்களில் கேமரா வேண்டும் என்றும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில் ஒரு வருடத்துக்காவது குறையக் கூடாது என்றும் உத்தரவிட்டது. அந்த வழக்கின் கொடுமைக்கும் நம் பைக்குக்கும் ஒப்பே கிடையாது. யாருமே திறந்து பார்க்காத ஒரு செட்டிங் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

நம் நிலவரத்தைப் பாருங்கள். கொட்டேஷனில் 30 நாள் பதிவு இருக்கும் என்று போட்டிருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் கேமராக்கள் இப்போது விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில், எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறையில் பதிகின்றன. அப்படியென்றால் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி. 40 கேமராவுக்கு 1.7 டெராபைட். நான்கு 8 டெராபைட் டிஸ்க், மொத்தம் 32. 18 நாளைத் தாண்டாது. அதைவிடப் புதிய எச்.265க்கு மாற்றினால் ஏறக்குறையப் பாதி இடம் போதும், ஒரு மாதத்தைத் தொட்டுவிடலாம். நம் மாடல்களில் மூன்றில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்கை மாற்றினால் போதும், ஒரு ரூபாய் செலவில்லை. நல்ல சப்போர்ட் ஆள் ஒருவர் இருந்திருந்தால் இதை எப்போதோ சொல்லியிருப்பார்.

இன்னொரு விஷயத்தைச் செயலாளர் சார் கவனமாகப் படிக்க வேண்டும். சர்வரின் கடிகாரம் பதினொரு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. சின்ன விஷயமாகத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, கேமரா பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று சொல்வார்களே, அதன் தொடர்ச்சிதான். பதிவு எடுத்த கருவி அந்தக் காலத்தில் ஒழுங்காக இயங்கியது, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் எண் இது என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். ஒரு பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவரும், இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். நம் வளாகத்தில் முதல் கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும் சார். கடிகாரம் தப்பு, ஒரு டிஸ்க் பழுது, மென்பொருள் காலாவதி என்று தெரிந்துகொண்டே அந்தக் காகிதத்தில் நீங்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவீர்கள்? குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அதனால் சப்போர்ட்டுக்குப் பணம் கொடுப்போம். ஆனால் ‘மூன்று வருட சப்போர்ட்’ என்ற மூன்று சொற்களுக்குக் கொடுக்க வேண்டாம். என்ன செய்வார்கள் என்று எழுதித் தரட்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கேமராவிலும் பத்து நாளுக்கு முந்தைய பதிவைத் திறந்து காட்ட வேண்டும். கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். பழுது என்று சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், டிஸ்க்கோ பவர் சப்ளையோ போனால் விலை யார் தலையில் என்பது தெளிவாக இருக்க வேண்டும். லிஃப்டுக்கு வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) போடும்போது இதையெல்லாம் நாம் வரிவரியாகக் கேட்டோமே. இதிலும் கேட்போம். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுவதும் வேண்டாம். ஒரு வருடம் பார்ப்போம், வேலை திருப்தி என்றால் நீட்டிப்போம். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். முழுப் பணத்தையும் கையில் வாங்கிவிட்டவரை இரண்டாம் வருடம் எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். கொட்டேஷனில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

நம் கேமராக்களை வெளியிலிருந்து போனில் பார்க்கும் வசதி இருக்கிறது. அந்த ஆப்பில் எத்தனை போன்கள் பதிவாகியிருக்கின்றன என்று வெண்டரின் டெக்னீஷியனைத் திறந்து காட்டச் சொன்னேன். பட்டியல் திரையை விட்டுக் கீழே போய்க்கொண்டே இருந்தது. இப்போதைய செயற்குழு உறுப்பினர்கள் சிலர்தான் அதில் இருக்கிறார்கள். மீதி எல்லாம் பழைய செயற்குழுக்கள், வேலையை விட்டுப் போன மேனேஜர், வெண்டரிடம் முன்பு வேலை பார்த்த பையன்கள், ‘நியூ போன்’ என்ற பெயரில் யாரென்றே தெரியாத இரண்டு. நீச்சல்குளப் பக்கத்துக் கேமரா, குழந்தைகள் விளையாடும் இடத்துக் கேமரா, பெண்கள் தனியாக ஏறி இறங்கும் லிஃப்ட் கேமரா எல்லாம் அத்தனை போன்களிலும் தெரியும். என் மகள் எத்தனை மணிக்கு டியூஷனிலிருந்து தனியாகத் திரும்புகிறாள் என்பதை எங்கேயோ இருக்கும் யாரோ பார்க்க முடியும். யார் மீதும் குற்றம் சொல்லவில்லை, பழைய செயற்குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அந்தப் போன் தொலைந்தாலோ, பழைய போனை அழிக்காமல் விற்றாலோ அந்த நல்ல மனதால் என்ன செய்ய முடியும்?

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா பதிவுகள் வெளியே வந்து, டெலிகிராமில் காசுக்கு விற்கப்பட்டன. பெண்களை மருத்துவர் பரிசோதிக்கும் காட்சிகள். பாஸ்வேர்டு ‘அட்மின்123’ ஆகவே விடப்பட்டிருந்தது என்று செய்திகள் வந்தன. அந்த வாரம் எங்கள் மருத்துவமனையில் நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு கேமராவின் பாஸ்வேர்டையும் மறுபடி மாற்றினோம், நோயாளிகள் உடை மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கேமராவைக் கழற்றியே விட்டோம்.

பெரிய கம்பெனி, பெரிய சந்தா என்பதும் இதற்குப் பாதுகாப்பு கிடையாது. முன்பு சொன்ன வெர்க்காடாவில் 2021 மார்ச்சில், நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு இணையத்தில் வெளியாகிக் கிடந்ததால், மருத்துவமனைகள், பள்ளிகள், சிறைகள் என்று சுமார் 1,50,000 கேமராக்களை ஹேக்கர்களால் பார்க்க முடிந்தது. உரிமத்துக்குப் பணம் கட்டிய வாடிக்கையாளர்களின் கேமராக்கள்தான் அவை எல்லாம்.

ஆகவே, அட்மின் பாஸ்வேர்டு சங்கத்தின் கையில் இருக்க வேண்டும், வெண்டர் தனிக் கணக்கில் வந்து போகட்டும். இப்போது அட்மின் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. நாளைக்கு வேறு வெண்டரிடம் போக நினைத்தால் நம் கேமராவுக்குள் நாமே நுழைய முடியாது. கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன்பே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள், அதுதான் நம் பேரம் பேசும் பலம். செயற்குழு மாறும் ஒவ்வொரு முறையும் சாவிக்கொத்தையும் பேங்க் கையெழுத்தையும் மாற்றுவது போல இதையும் மாற்ற வேண்டும். கேமராக்கள் இணையத்தை நேராகத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரத் திறந்து வைத்திருக்கும் போர்ட்டுகளை (வழிகளை) மூடி, கேமரா நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்து, வெளியிலிருந்து பார்க்க வேண்டியவர்கள் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக வந்தால் போதும். கொட்டேஷனில் பாதித் தொகையைத் தின்னும் வேலைகளைவிட இந்த ஒரு நாள் வேலை நமக்கு அதிகம் பயன்படும்.

கடைசி உருப்படியான ஏஐ பேக் வேண்டாம் என்பது என் வாக்கு. வண்டி எண் படிப்பது கேட்டில் கொஞ்சம் உதவலாம், அதைப் பிறகு தனியாகப் பேசலாம். முகம் அடையாளம் காணுவது நமக்கு எதற்கு? வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், டெலிவரி பையன்கள், நம் பிள்ளைகளின் நண்பர்கள் எல்லோரின் முகமும் நம் சர்வரில் சேகரமாகும். அவர்களில் யாரிடமும் நாம் சம்மதம் கேட்கப் போவதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. தரவைச் சரியாகப் பாதுகாக்காமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு அதில் இடம் இருக்கிறது. நம்மைப் போன்ற சங்கத்தின் மீது அது எவ்வளவு தூரம் பாயும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வோம். பாஸ்வேர்டுப் பட்டியலையே ஒழுங்காக வைக்காத நாம், முகங்களைச் சேகரிக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வெண்டர் சொன்ன இன்னொரு காரணத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அரசு விதி மாறிவிட்டது, பழையதை எல்லாம் மாற்றியே ஆக வேண்டும் என்றாராம். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் தயாரித்து அல்லது இறக்குமதி செய்து விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புத் தேவைகளின்படி சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது உண்மைதான். அந்த விதி விற்பவர்களுக்கு. ஏற்கெனவே சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்றச் சொல்லவில்லை. ஆதரவு நின்றுபோன அந்த நான்காவது மாடலுக்குப் பதில் புதுக் கேமரா வாங்கும்போது, சோதனைச் சான்று இருக்கிறதா, ஆன்விஃப் என்ற பொதுத் தர முறையில் மற்ற மென்பொருள்களோடும் பேசுமா, இன்னும் எத்தனை வருடம் ஃபர்ம்வேர் கொடுப்பதாகக் கம்பெனி எழுதித் தருகிறது என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கேட்பது இதுதான். தீர்மானத்தை நான்காகப் பிரியுங்கள். சர்வர் மென்பொருளையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துத் திருத்திய விலை வரும்வரை அந்த வாக்கை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். ஃபர்ம்வேருக்கு ஒருமுறைக் கூலி மட்டும். சப்போர்ட்டுக்கு நிபந்தனைகளோடு ஒரு வருடம், அதற்கு இன்னும் இரண்டு இடங்களில் கொட்டேஷன். ஏஐ பேக் வேண்டாம். பாஸ்வேர்டுகளை மாற்றுவதற்கும் போன் பட்டியலைச் சுத்தம் செய்வதற்கும் பொதுக்குழு ஒப்புதலே தேவையில்லை, செயற்குழு இன்றே செய்யலாம். சனிக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன். செயற்குழுவிலிருந்து இருவரும் வெண்டரின் ஆளும் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். புதுப் பாஸ்வேர்டை எழுதி உறையில் ஒட்டி, பொருளாளரின் லாக்கரில் வைத்துவிடுவோம். அது என்னிடமும் இருக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர், சங்க உறுப்பினர்